ஆறு சிவப்புக் கோடுகள்

"எங்க அப்பா சாதாரண ஆள் இல்ல சார்" என்று பொன்னி மூன்றாவது முறையாகச் சொன்னார்.

"சாதாரண ஆளா இருந்திருந்தா இந்நேரம் கெடைச்சிருப்பாரும்மா" என்றார் சுப்புராயன் மாமா. "சாதாரண ஆளுங்க கோவிச்சிகிட்டா தங்கச்சி வூட்டுக்குப் போவாங்க. பெரிய ஆளுங்களுக்குத்தான் போறதுக்கு எடம் இருக்காது."

மாமா என்றால் என் அக்காவின் கணவர். கடலூர் கோர்ட்டில் இருபத்தெட்டு வருஷம் அமீனாவாக இருந்து, வீடு வீடாகச் சம்மன் கொடுத்தவர். ஒளிந்துகொள்பவர்களைக் கண்டுபிடிப்பது கைவந்த கலையாகிவிட்டதால், ஓய்வு பெற்றதும் துப்பறியும் நிலையம் என்று ஒரு போர்டு மாட்டினார். போர்டு தொங்குவது என் ஜெராக்ஸ் கடை மாடியில். அதனால் நான், ராஜகணேஷ், வயது நாற்பத்தொன்று, தானாகவே உதவியாளன் ஆகிவிட்டேன். அக்கா இறந்து நாலு வருஷம் ஆகிறது. அதன் பிறகும் அவர் எனக்கு மாமாதான், நான் அவருக்கு மச்சான்தான்.

நாங்கள் நின்றது கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்த பொன்னியுடைய அப்பாவின் ஓட்டு வீட்டில். டிசம்பர் கடைசியில் அடித்த புயலோடு போன ஓடுகளுக்குப் பதிலாகக் கூரையில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. பிப்ரவரி பிறந்தும் ஓடு போட ஆள் கிடைக்கவில்லை, மாவட்டம் முழுக்க அதே கதை. தார்ப்பாய் படபடப்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு சத்தமே இல்லை. அறுபது பேரை ஒன்றாக வாசிக்க வைத்த மனிதர் ஆறு வருஷமாக இங்கே தனியாக இருந்திருக்கிறார் என்பது எனக்கு என்னவோ போலிருந்தது.

மாஸ்டர் அந்தோணிசாமி இதே முதுநகர் மாதா கோவிலில் ஆர்மோனியம் வாசித்துத் தொடங்கியவர். பத்தொன்பது வயதில் ஒரு வயலினோடு மெட்ராசுக்கு ரயிலேறினார். ஸ்டூடியோவில் முதலில் கடைசி வரிசை வயலின், பிறகு முதல் வரிசை, பிறகு எல்லாருக்கும் முன்னால் நின்று கையசைக்கும் கண்டக்டர். நாற்பத்தோரு படங்களுக்குச் சொந்தமாக இசையமைத்தார். ஹங்கேரியில் ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இவர் எழுதியதை இவர் கையசைப்புக்கே வாசித்தது. அந்தப் படம் பேப்பரில் வந்தபோது எங்கள் தெருக்காரர் ஒருவர், "கண்டக்டரா, எந்த டிப்போ?" என்று கேட்டார். சொந்த ஊரில் அவர் புகழ் அந்த அளவில்தான் இருந்தது. மனைவி போனதும் 2006-ல் இங்கே திரும்பி வந்துவிட்டார். மகள் பொன்னி பெங்களூரில்.

ஞாயிற்றுக்கிழமை கடலூரில் அவருக்குப் பாராட்டு விழா. அன்று அவருடைய புதிய இசையை வாசிக்க சென்னையிலிருந்து ஆர்க்கெஸ்ட்ரா வருகிறது. சனிக்கிழமை காலை ரிகர்சல். ஆனால் மாஸ்டர் புதன்கிழமையே கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு ஃபைலோடு பஸ் ஏறியதைப் பக்கத்து வீட்டு மலர்க்கொடி பார்த்திருக்கிறார். இன்று வெள்ளி. போலீசில் புகார் கொடுத்தாகிவிட்டது.

"செல்போன வச்சிட்டுப் போயிட்டாரு" என்றார் பொன்னி. "அது கூடப் பரவால்ல. மாத்திரையையும் வச்சிட்டுப் போயிட்டாரு. ஹார்ட் மாத்திரை சார். ஒரு வேளை கூட விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எழுபத்தெட்டு வயசு."

மாமா மாத்திரை அட்டையை வாங்கி, எப்போது எத்தனை என்று கேட்டுக்கொண்டு, தன் மஞ்சள் பையில் போட்டார்.

"அது எதுக்கு மாமா?"

"கெடைச்சா குடுக்கணும்ல."

மேசையில் முப்பது முப்பத்தைந்து காக்கி உறைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியத்தின் பெயரும், அதற்கான நோட்டு எழுதிய தாள்களும். எல்லா உறையிலும் ஒரே ரப்பர் ஸ்டாம்பு: தில்லைநாதன், மியூசிக் காப்பியிஸ்ட், சிதம்பரம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுப்பவர் என்றார் பொன்னி. கடைசி உறையில் மட்டும் ஸ்டாம்பு இல்லை, பெயரும் இல்லை, உள்ளே தாளும் இல்லை.

பக்கத்தில் தடியாக ஒரு புத்தகம். எல்லா வாத்தியங்களுக்குமான வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்த, கண்டக்டர் பார்த்து நடத்தும் பிரதி. மாமா அதைப் பஞ்சாயத்துத் தீர்ப்பு படிப்பதுபோல விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அவருக்கு இசை தெரியாது. எனக்கு அதைவிடத் தெரியாது.

"மச்சான், இந்த வரியப் பாரு. இதுக்கு மட்டும் வாத்தியம் பேரு போடல. இதுல மட்டும் அங்கங்க செகப்புப் பென்சில்ல நட்டுக்குத்தலா ஒரு கோடு."

எண்ணினேன். முழுப் புத்தகத்துக்கும் ஆறு கோடுகள்.

"இன்னொண்ணு. கோடு போட்ட எடத்துல இந்த வரி காலியா இருக்கு. ஆனா மத்த வரியெல்லாம் எறும்பு மொய்ச்ச மாதிரி கறுப்பா இருக்கு. ஆறு எடத்துலயும் அப்பிடித்தான்."

"ரகசியக் குறியீடா மாமா?"

"நமக்குத்தான் ரகசியம். எழுதறவனுக்குத் தெரிஞ்சிருக்கும். சிதம்பரம் கெளம்பு."

பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, மஞ்சள் பையைப் பக்கத்து ஸீட்டில் வைத்தார். நாலு வருஷமாக இதுதான் வழக்கம். அது அக்கா உட்காரும் இடம். யாராவது கேட்டால் ஆள் வருது என்பார். நான் பின் ஸீட்டில் உட்கார்ந்து அவர் பிடரியோடு பேச வேண்டும். சிப்காட் தாண்டி ஆலப்பாக்கம் வரும் வரைக்கும் பிடரி ஒன்றும் பேசவில்லை.

"பை டிக்கெட் எடுத்துதா மாமா?" என்றேன்.

"வாய மூடிகிட்டு வா மச்சான்."

தில்லைநாதனுக்கு எழுபது வயது இருக்கும். சிதம்பரம் மேல வீதியை ஒட்டிய சந்தில், மாடிப் போர்ஷனில் இருந்தார். கயிற்றுக் கொடி முழுக்கப் பழைய தாள்களைக் கிளிப் போட்டுக் காயப்போட்டிருந்தார். புயல் அவர் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டுப் போயிருக்கிறது.

மாஸ்டரைக் காணோம் என்றதும் டம்ளரைக் கீழே வைத்தார். மாமா புத்தகத்தைப் பிரித்துச் சிவப்புக் கோட்டைக் காட்டினார்.

"இதுவா? பக்கம் திருப்பற எடம்" என்றார் தில்லைநாதன். "இதுக்கு மேல இந்தத் தாள்ல எடம் இல்ல, அடுத்த பக்கத்துக்குப் போன்னு அர்த்தம். ஆறு கோடுன்னா ஏழு பக்கம்."

"இத மாஸ்டரே போடுவாரா?"

"எங்க? அது என் வேலை. அவரு ராகம், தாளம், எந்த வாத்தியம்னுதான் பாப்பாரு. பக்கம் எங்க முடியுதுன்னு முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள் கேட்டதில்ல."

"வேற யாருக்கும் போடாம இந்த ஒருத்தருக்கு மட்டும் ஏன் போட்டாரு?"

"இது வயலின் வரி. வயலின்காரங்க ரெண்டு ரெண்டு பேரா நோட்டு வைக்கற ஒரு ஸ்டாண்டுக்கு முன்னாடி உக்காருவாங்க. பக்கம் முடிஞ்சா ஒருத்தர் திருப்புவாரு, இன்னொருத்தர் நிறுத்தாம வாசிப்பாரு. அதனால பிரச்சின இல்ல. இவுங்க தனியா உக்காருறவங்க போலருக்கு. தனியா இருந்தா தானேதான் திருப்பிக்கணும். அதுக்காக அந்த எடத்துல வாசிக்க ஒண்ணும் குடுக்காம வுட்டிருக்காரு."

மாமா கொடிப் பக்கம் போனார். பிறகு ஒரு காய்ந்த தாளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். மொரமொரவென்று சத்தம் வந்தது. இன்னொரு முறை திருப்பினார்.

"சார், இவுங்க சும்மா இருக்கற நேரத்துல மத்தவங்க என்னா பண்றாங்க?"

"மொத்தப் பேரும் வாசிக்கறாங்க. டிரம்ஸு, டிரம்பெட்டு, எல்லாம். பெரிய சத்தம்."

"ஆறு தடவையும்?"

"ஆறு தடவையும்."

"அப்ப இது திருப்பறதுக்கு நேரம் குடுக்கறது இல்ல" என்றார் மாமா. "திருப்பற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு அறுபது பேரைச் சத்தம் போட வச்சிருக்காரு. யாரோ ஒருத்தர் பக்கம் திருப்பின சத்தம் ஒரு தடவ கேட்டிருக்கு. யாரு சார் அது?"

நான் நாலு வருஷமாக மாமாவைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறேன். அந்த நிமிஷம் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"கார்த்யாயினி" என்றார். "இந்த ஊருதான். எழுவத்தொம்பதுல நடந்தது. அப்பல்லாம் மொத்தப் பேரும் ஒண்ணா உக்காந்து ஒரே மூச்சுல வாசிக்கணும். ஒருத்தர் தப்பு பண்ணா எல்லாரும் மொதல்லேர்ந்து. அன்னிக்கு அவுங்க ஸ்டாண்டு கூட்டாளிக்கு அம்மை போட்டிருந்துச்சு, வரல. தனியா உக்காந்தாங்க. பதினோராவது டேக்கு. பாட்டு முடியப் போற எடம். ஒரு புல்லாங்குழல் மட்டும், அதுக்கு அடியில வயலின் ரொம்ப மெதுவா. அந்த எடத்துல அவுங்க தாளைத் திருப்பினாங்க. மைக்குல மொரமொரன்னு வுழுந்துச்சு. மாஸ்டர் அறுபது பேருக்கு முன்னாடி, வெளிய போன்னாரு. அவுங்க ஒரு வார்த்த பேசல. வயலினப் பொட்டியில வச்சிப் பூட்டிகிட்டுப் போனாங்க. அப்புறம் எந்த ஸ்டூடியோவுலயும் கூப்புடல. இங்க வந்து டெலிபோன் ஆபீசுல வேலைக்குச் சேந்துட்டாங்க."

"அவுங்க மேல தப்பு இல்லன்னு மாஸ்டருக்கு இப்பத் தெரிஞ்சிருக்கு" என்றார் மாமா. "யாரு சொன்னது?"

"நான்தான்." பெரியவர் கையிலிருந்த கண்ணாடியை மடக்கி வைத்தார். "பக்கத்த ரெண்டு வரி முன்னாடியே முடிச்சிருக்கணும். அங்க ஒரு நிறுத்தம் இருந்துச்சு. தாள் மிச்சம் புடிக்கறேன்னு நான் இழுத்து எழுதிட்டேன். அன்னிக்கே சொல்லியிருந்தா என்னையத் தொரத்தியிருப்பாரு. வூட்ல ரெண்டு கொழந்தைங்க. வாய மூடிகிட்டேன். போன மாசம் பொட்டி நனைஞ்சு காய வைக்கறப்ப அந்தத் தாளே கைக்கு வந்துச்சு. மாஸ்டர் புது வேலையோட வந்தாரு. குடுத்துட்டேன். ரொம்ப நேரம் பாத்துகிட்டே இருந்தாரு. அப்புறம் ஒரு வரி மட்டும் நீ எழுத வேணாம், நான் என் கையால எழுதறேன்னாரு."

தில்லைநாதன் சொன்ன அடையாளப்படி கார்த்யாயினியின் வீடு தெற்கு சன்னதியில், ஒரு லாட்ஜுக்கு எதிரே இருந்தது. கதவைத் தட்டியது மாமாதான். அமீனா தட்டு என்றே ஒன்று உண்டு, மூன்று தட்டு, நடுவில் இடைவெளி. அறுபது தாண்டிய ஒரு அம்மாள் திறந்தார். நரைத்த முடியை இறுக்கி முடிந்திருந்தார். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு டம்ளர், ஒரு தட்டு. எல்லாம் ஒவ்வொன்றுதான்.

"மாஸ்டர் அந்தோணிசாமி இங்க வந்தாரான்னு கேக்க வந்தோம்" என்றார் மாமா.

"வரல."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மாமா கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அந்த அம்மாள் அதே குரலில் சொன்னார்:

"புதன்கெழம காலைலேர்ந்து எதிர் லாட்ஜு மாடியில உக்காந்திருக்காரு. ரெண்டாவது ஜன்னல்."

நான் அண்ணாந்து பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது, ஆள் தெரியவில்லை.

"அவருதான்னு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"எனக்குக் கண்ணுல பொறை. மொகம் தெரியாது. ஜன்னல் கட்டையில ஒரு கை தாளம் போட்டுகிட்டே இருந்துச்சு. ஏழு வருஷம் அந்தக் கையத்தான் பாத்துகிட்டு வாசிச்சேன்."

"மூணு நாளாத் தெரிஞ்சுமா கூப்புடல?"

"வெளிய போன்னு சொன்னது அவரு. உள்ள வாங்கன்னு நான் சொல்லணுமா?"

மாமா பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.

"நியாயந்தாம்மா. ஆனா அவரு இத வூட்லயே வச்சிட்டு வந்துட்டாரு. ஹார்ட் மாத்திரை. மூணு நாளு ஆச்சு."

அந்த அம்மாளின் கை கதவைப் பிடித்துக்கொண்டது.

"இன்னிக்குக் காலைலேர்ந்து கை தெரியல" என்றார்.

லாட்ஜ் மாடிப்படியை மாமா அந்த வயதில் எப்படி ஏறினார் என்று எனக்கு இன்னும் தெரியாது. கதவு தாழ் போடாமல் இருந்தது. மாஸ்டர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கோட்டைக் கழற்றவில்லை. முகமெல்லாம் வியர்வை. ஃபைல் நெஞ்சோடு இருந்தது. மாமா அவர் தலையைத் தாங்கி மாத்திரையைக் கொடுத்தார். நான் பொன்னிக்குப் போன் போட்டேன், கீழே ஓடி ஆட்டோவுக்குச் சொன்னேன். திரும்பி வந்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"கீழ எறங்கினேன் தம்பி. மூணு தடவ. அவுங்க வாசல் வரைக்கும் போனேன். எத்தன பேருக்கு எப்ப ஆரம்பிக்கணும்னு கையக் காட்டியிருக்கேன். கதவத் தட்ட கை வரல."

"நான் இருவத்தெட்டு வருஷம் தட்டினவன் சார்" என்றார் மாமா. "உங்களுக்காக இப்பத்தான் தட்டிட்டு வந்தேன். தெறந்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறும் சத்தம்.

கார்த்யாயினி உள்ளே வந்து நின்றார். மாஸ்டர் எழப் பார்த்தார், முடியவில்லை. ஃபைலை நீட்டினார்.

அந்த அம்மாள் ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, தாள்களை வெளிச்சத்தில் கண்ணுக்கு மிகப் பக்கத்தில் பிடித்துப் படித்தார். இடது கை விரல்கள் மடியில், புடவை மேல், தாமாக நகர்ந்தன. முதல் பக்கம் முடிந்தது. சிவப்புக் கோட்டில் விரல் நின்றது. அதற்கு மேல், இந்த இடத்தில் டிரம்ஸ், மொத்தப் பேரும் என்று மாஸ்டர் தன் கையால் எழுதியிருந்ததை அவர் படித்தார். திருப்பும் சத்தம் இனி வெளியே கேட்காது என்று புரிந்துகொண்டது முகத்திலேயே தெரிந்தது.

பிறகு பக்கத்தைத் திருப்பினார். மெதுவாக அல்ல. வேண்டுமென்றே, தாள் மொரமொரக்க, அறை முழுக்கக் கேட்கும்படி திருப்பிவிட்டு மாஸ்டரைப் பார்த்தார்.

"தப்பு என்னோடது" என்றார் மாஸ்டர். "மன்னிச்சிருங்கன்னு சொல்ல வந்தேன். வாயில வரல. அதான் எழுதினேன்."

"ரிகர்சல் எப்ப?"

"நாளைக்குப் பத்து மணிக்கு. உங்களுக்குன்னு தனியா ஒரு ஸ்டாண்டு போடச் சொல்லியிருக்கேன். யாரு தொந்தரவும் இருக்காது. நீங்களே நிதானமாத் திருப்பிக்கலாம்."

கார்த்யாயினி தாள்களை அடுக்கி ஃபைலில் வைத்தார்.

"தனியா வேணாம் மாஸ்டர்" என்றார். "முப்பத்துமூணு வருஷம் தனியாத்தான் உக்காந்திருக்கேன். பக்கத்துல ஒரு ஆளப் போடுங்க."

மாஸ்டர் அழுதார். எழுபத்தெட்டு வயது மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரிக்கு அந்த அம்மாளும் கூடவே ஏறிக்கொண்டார், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு.

டாக்டர் நாலு நாள் படுக்கை என்றார். கூட்டி வர இன்னும் அரை மணி ஆகியிருந்தால் பேச்சே வேறு என்றும் சொன்னார். பொன்னி டாக்சி பிடித்து வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டார். விழாவை அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளி வைத்தார்கள். கேஸ் முடிந்தது.

மத்தியானம் கடலூர் பஸ் காலியாகத்தான் வந்தது. மாமா வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் மஞ்சள் பையை வைத்தார். நான் வழக்கம்போல அவர் பிடரியோடு பேசத் தயாராகப் பின் ஸீட்டுக்குப் போனேன். ஒரு நல்ல கிண்டல் கூட நாக்கு நுனியில் வந்திருந்தது.

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்க வந்து உக்காரு மச்சான்" என்றார்.

வந்து உட்கார்ந்தேன். கடலூர் வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.